சிமெண்ட் களத்தில் வேலித் தூண்: போல்ட்டைப் பார்க்குமுன் தளத்தைப் பாருங்கள்

கதிர் அறுக்கும் இயந்திரங்கள் வயலுக்கே வந்து தானியத்தைப் பிரித்துக் கொடுக்கத் தொடங்கிய பிறகு, பல கிராமங்களில் சிமெண்ட் களங்களுக்கு வேலை குறைந்துவிட்டது. ஆண்டில் சில நாட்கள் மக்காச்சோளம், மிளகாய், உளுந்து, நிலக்கடலை காயப்போடுவதோடு சரி. மற்ற நாட்களில் அந்த இடம் சும்மா கிடக்கிறது. அதைச் சுற்றி வேலி போட்டால் ஆட்டுப்பட்டியாகவோ, கன்றுகளை அவிழ்த்துவிடும் இடமாகவோ பயன்படுத்தலாம். தானியம் காயும்போது தெருமாடுகள் வாய் வைக்காமலும் இருக்கும். இந்த எண்ணம் சிறு விவசாயிகள் பலருக்கு எழுவது இயற்கை.

மண்ணில் தூண் நடுவது எந்த விவசாயிக்கும் தெரிந்த வேலை. குழி தோண்டி, காலை நிறுத்தி, கல்லும் மண்ணும் போட்டு இடித்தால் முடிந்தது. ஆனால் ஏற்கெனவே போட்ட காங்கிரீட் தளத்தின் மேல் தூணை நிறுத்துவது வேறு வேலை. இதில் தவறு செய்தால் வேலி சாய்வதோடு போகாது. நல்ல களமும் வெடித்துக் கெட்டுவிடும். தூண் சரிந்து ஆட்டின் மேலோ, பக்கத்தில் விளையாடும் குழந்தையின் மேலோ விழுந்தால் நட்டத்தைப் பணத்தால் ஈடுகட்ட முடியாது.

கரிசல் சீமையில் 2 ஏக்கர் வைத்திருக்கும் ஒரு விவசாயியை எடுத்துக்கொள்வோம். தகப்பனார் காலத்தில் போட்ட 40 அடிக்கு 30 அடி சிமெண்ட் களம் அவருக்கு இருக்கிறது. பத்து உருப்படி வெள்ளாடு இருக்கிறது. ஆடுகள் பக்கத்து நிலத்து உளுந்தில் இரண்டு முறை வாய் வைத்துவிட்டன. மூன்றாவது முறை நடந்தால் ஊர்ப் பஞ்சாயத்துதான். ஆட்டை விற்பதா, வேலி போடுவதா என்ற நிலை. கம்பி வலையும் இரும்புக் குழாயும் வாங்கி, ஒவ்வொரு குழாயின் அடியிலும் தகடு வைத்துப் பற்றவைத்து, களத்தில் போல்ட்டுப் போட்டு முறுக்கிவிடலாம் என்று அவர் நினைக்கிறார். கொத்தனாரைக் கூப்பிட்டுக் கேட்கிறார்.

"நாலு போல்ட்டுல தூண் நிக்குமா கொத்தனாரே?"

"தூண் நிக்கும் அண்ணாச்சி. களம் நிக்குமான்னுல்ல பாக்கணும்."

கொத்தனார் சொன்ன இந்த ஒரு வார்த்தையில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. தூணைப் பிடித்திருப்பது போல்ட்டு. போல்ட்டைப் பிடித்திருப்பது தளம். தளத்துக்கு அந்தப் பலம் இல்லையென்றால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய போல்ட்டானாலும் பயன் இல்லை.

தூண்தான் கடப்பாரை

பெரிய பாறாங்கல்லைக் கையால் அசைக்க முடியாது. ஆனால் 4 அடிக் கடப்பாரையின் நுனியைக் கல்லுக்கு அடியில் கொடுத்து மறுமுனையை அழுத்தினால் கல் எழும்பிவிடுகிறது. வேலித் தூணிலும் இதே விசைதான் வேலை செய்கிறது. தூண்தான் கடப்பாரை. அதன் மேல் சாயும் ஆடு அல்லது மாடுதான் அழுத்தும் கை. அடித்தகட்டில் உள்ள போல்ட்டுதான் கிளம்பி வர வேண்டிய கல்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது நன்றாக விளங்கும். 8 அங்குலச் சதுரத் தகடு ஒன்றில், ஓரத்திலிருந்து ஒன்றரை அங்குலம் உள்தள்ளி நான்கு போல்ட்டுகள் போட்டிருப்பதாகக் கொள்வோம். தரையிலிருந்து 4 அடி உயரத்தில் 50 கிலோ விசையுடன் தூணைத் தள்ளினால், தள்ளும் பக்கத்தில் உள்ள இரண்டு போல்ட்டுகளும் சேர்ந்து சுமார் 370 கிலோ இழுப்பைத் தாங்க வேண்டும். ஒரு போல்ட்டுக்கு 185 கிலோ. மாடு ஒன்று கழுத்தைத் தேய்க்கும்போது 100 கிலோ விசை கொடுத்தால் ஒவ்வொரு போல்ட்டையும் 370 கிலோ மேல்நோக்கிப் பிடுங்கும். இது ஒரு நாள் நடந்து முடிவதும் அல்ல. தினமும் பலமுறை இப்படி அசைந்துகொண்டே இருக்கும்.

தகடு சிறிதாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். 4 அங்குலத் தகட்டில் இதே தள்ளல் வந்தால் போல்ட்டுகளின் மேல் விழும் இழுப்பு ஏறத்தாழ இரு மடங்காகிவிடும். பட்டறைகளில் கிடைக்கும் துண்டுத் தகட்டை அப்படியே வைத்துப் பற்றவைப்பது சிக்கனம் போலத் தோன்றும். ஆனால் வேலி ஆடத் தொடங்குவதற்கு அதுவே காரணமாகிவிடும்.

களத்தைச் சோதித்துப் பார்க்கும் முறை

தானியம் காயப்போடுவதற்காகப் போட்ட களங்களில் பெரும்பாலானவை கனமானவை அல்ல. தானியத்தின் பாரம் பரவலாக விழுவதால் 3 அங்குலக் காங்கிரீட்டே அதற்குப் போதும் என்று போட்டிருப்பார்கள். ஆகவே எந்த வேலையையும் தொடங்குமுன் தளத்தின் கனத்தை அறிந்துகொள்ள வேண்டும்.

களத்தின் ஓரத்தில் மண்ணை விலக்கிப் பார்த்து, "அரையடி கனம் இருக்கிறது" என்று முடிவு செய்வது தவறு. ஓரம் உடையாமல் இருப்பதற்காக விளிம்பை மட்டும் கனமாகப் போடுவது கொத்தனார்களின் வழக்கம். விளிம்பிலிருந்து 2 அடி உள்ளே தள்ளி, துளை போடும் இயந்திரத்தால் சிறு துளை ஒன்று போட்டுப் பார்க்க வேண்டும். காங்கிரீட்டில் மெதுவாக இறங்கும் துளைக்கம்பி, தளம் முடிந்து மண்ணைத் தொட்டதும் சட்டென்று வழுக்கிக்கொண்டு இறங்கும். அந்த இடத்தில் கம்பியில் அடையாளம் செய்து அளந்தால் கனம் தெரிந்துவிடும். இரண்டு மூன்று இடங்களில் இப்படிப் பார்ப்பது நல்லது. பிறகு அந்தத் துளைகளைச் சிமெண்ட் குழம்பால் அடைத்துவிட வேண்டும்.

அடுத்து, சுத்தியலால் தளத்தை ஆங்காங்கே தட்டிப் பார்க்க வேண்டும். "ணங்" என்று கேட்டால் அடியில் மண் அணைந்திருக்கிறது என்று கொள்ளலாம். "தொப்" என்று கேட்டால் அடியில் எலி வளையோ, மழைநீர் மண்ணை அரித்த பொந்தோ இருக்கக்கூடும். அந்த இடத்தில் தூண் வைக்கக் கூடாது. வெடிப்பு ஓடியிருக்கும் இடத்துக்கு அருகிலும் வைக்கக் கூடாது.

மூன்றாவதாக, மோட்டாரிலிருந்து வரும் தண்ணீர்க் குழாயோ மின்சாரக் கம்பியோ களத்துக்கு அடியில் செல்கிறதா என்பதை வீட்டில் உள்ள பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். துளைக்கம்பி மின்கம்பியில் பட்டால் உயிருக்கே ஆபத்து.

நமது விவசாயியின் களத்தில் விளிம்பு 6 அங்குலம் இருந்தது. உள்ளே 3 அங்குலம்தான் இருந்தது. போல்ட்டுக்கு அந்தக் களம் ஏற்றது அல்ல என்பது முதல் துளையிலேயே தெரிந்துவிட்டது. அப்படியானால் அவர் என்ன செய்யலாம்?

முதல் வழி: விளிம்புக்கு வெளியே

களத்தைச் சுற்றி வேலி என்றால் தூண் களத்தின் மேல்தான் நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெளியே சொந்த மண் இருந்தால், விளிம்பிலிருந்து ஓர் அடி தள்ளி மண்ணிலேயே தூண்களை நட்டுவிடலாம். செலவும் குறைவு, பலமும் அதிகம். விளிம்பை ஒட்டிக் குழி தோண்டினால் தளத்துக்கு அடியில் உள்ள மண் சரிந்து விளிம்பு உடையும். ஆகவே ஓர் அடி இடைவெளி அவசியம்.

சாதாரண மண்ணில் 2 அடி ஆழம் போதும். கரிசலில் இரண்டரை அடிக்குக் குறையக் கூடாது. கரிசல் மண் மழையில் ஊதும், கோடையில் சுருங்கி வெடிக்கும். மேலாக நட்ட தூணை அது ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துவிடும்.

இரண்டாம் வழி: தளத்தைத் துளைத்து மண்ணில் நடுதல்

வெளியே இடம் இல்லாதபோது, அல்லது பக்கத்து நிலத்தின் எல்லை களத்தை ஒட்டி இருக்கும்போது, தளத்தில் குழி எடுத்துத் தூணை மண்ணுக்குள் இறக்குவதே நம்பிக்கையான வழி. மெல்லிய களத்துக்கு இது ஒன்றுதான் ஏற்றது. விளிம்பிலிருந்து ஓர் அடியாவது உள்தள்ளிக் குழி எடுக்க வேண்டும்.

குழி வட்டமாக இருக்க வேண்டும். சதுரமாக உடைத்தால் அதன் நான்கு மூலைகளிலிருந்தும் வெடிப்பு கிளம்பித் தளத்தில் ஓடும். 15 அங்குல விட்டத்தில் வட்டம் வரைந்து, அந்தக் கோட்டின் மேல் ஓர் அங்குலத்துக்கு ஒரு துளையாகச் சுற்றிலும் துளை போட வேண்டும். பிறகு உளி வைத்துத் துளைகளுக்கு இடையே மெதுவாகத் தட்டினால் நடுத்துண்டு தனியே கழன்று வரும். எடுத்த எடுப்பில் சம்மட்டியால் ஓங்கி அடித்தால் குழி கிடைக்கும், ஆனால் களம் போய்விடும்.

நடுத்துண்டை எடுத்த பிறகு 2 அடி ஆழம் தோண்ட வேண்டும். அடியில் 3 அங்குலக் கனத்துக்குக் காங்கிரீட் போட்டு, அதன் மேல் தூணை நிறுத்தி, தூக்குக்குண்டு பிடித்து நேர் பார்த்து, இரண்டு பக்கம் முட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு முக்கால் அங்குல ஜல்லி என்ற கலவை போதுமானது. தண்ணீரை அதிகமாக ஊற்றிக் கூழாக்கக் கூடாது. கலவை எவ்வளவு நீர்த்துப் போகிறதோ அவ்வளவு பலம் குறையும். சிறிது சிறிதாகப் போட்டுக் கம்பியால் குத்திக் கெட்டிப்படுத்த வேண்டும். இந்த அளவுக் குழிக்கு ஏறத்தாழ அரை மூட்டைச் சிமெண்ட் பிடிக்கும்.

மேல்பகுதியைத் தளத்துக்குச் சமமாக நிறுத்திவிடாமல் ஓர் அங்குலம் உயர்த்தி, தூணிலிருந்து வெளிப்பக்கம் சரிவாகப் பூசிவிட வேண்டும். தூணின் காலில் தண்ணீர் தேங்காமல் ஓடிவிடும்.

கரிசல் நிலத்தில் இன்னொரு கவனம் தேவை. மண் ஊதிச் சுருங்கும்போது களம் ஓர் அளவு ஏறி இறங்கும். ஆழத்தில் பிடித்திருக்கும் தூணின் காங்கிரீட் அதே அளவு ஏறி இறங்காது. இரண்டும் ஒட்டிப் பிடித்திருந்தால் களம் வெடிக்கும். ஆகவே குழியின் விளிம்புக்கும் புதிய காங்கிரீட்டுக்கும் நடுவே விரற்கடை இடைவெளி விட வேண்டும். கலவை போடுமுன் விளிம்பைச் சுற்றி மெல்லிய பலகைச் சீவலோ தெர்மாகோல் துண்டோ வைத்து, இறுகிய பிறகு எடுத்துவிட்டு, அந்த இடைவெளியில் உருக்கிய தாரும் மணலும் கலந்து அடைத்துவிடலாம். இப்படிச் செய்யும்போது மேல்பகுதியைக் களத்தின் மேல் படரவிடாமல் குழியின் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் வழி: தகடும் போல்ட்டும்

தளம் 5 அங்குலம் அல்லது அதற்கு மேல் கனமாக, வெடிப்பு இல்லாமல், நல்ல கலவையில் போட்டதாக இருந்தால் தகடு வைத்துப் போல்ட்டுப் போடலாம். டிராக்டர் நிறுத்தும் தளம், மாட்டுத் தொழுவத்தின் கனமான தளம் ஆகியவற்றுக்கு இந்த முறை பொருந்தும். குழி தோண்டும் வேலை இல்லை. பின்னால் தேவைப்பட்டால் கழற்றவும் செய்யலாம்.

தகடு 8 அங்குலச் சதுரமும், 8 முதல் 10 மி.மீ. கனமும் இருக்க வேண்டும். போல்ட்டு 12 மி.மீ. கனத்தில், முறுக்கும்போது துளைக்குள் விரிந்து பிடிக்கும் வகையாக இருக்கலாம். துளையின் அளவு போல்ட்டின் வகைக்கு ஏற்ப மாறும். பெட்டியில் குறித்துள்ள அளவில்தான் துளை போட வேண்டும். அரை மி.மீ. பெரிதானாலும் பிடிப்பு தளர்ந்துவிடும். போல்ட்டு காங்கிரீட்டுக்குள் 3 அங்குலமாவது இறங்க வேண்டும்.

இந்தப் போல்ட்டுகள் விரிந்து பிடிப்பதால் சுற்றியுள்ள காங்கிரீட்டை நெருக்கித் தள்ளும். தளத்தின் விளிம்புக்கு மிக அருகில் போட்டால் விளிம்பு பெயர்ந்துவிடும். விளிம்புக்கும் துளைக்கும் இடையே 5 அங்குலமாவது இருக்க வேண்டும். இரண்டு போல்ட்டுகளுக்கு இடையேயும் 5 அங்குலம் விட வேண்டும். விளிம்பை ஒட்டித்தான் தூண் வைத்தாக வேண்டும் என்றால், விரியும் போல்ட்டுக்குப் பதிலாகத் துளைக்குள் ரசாயனப் பசை விட்டு மரையுள்ள கம்பியைச் செருகி இறுகவிடும் முறை மேலானது. அது காங்கிரீட்டை நெருக்குவதில்லை. அதிலும் விளிம்பைக் கூடியமட்டும் விட்டுத் தள்ளியே துளை போட வேண்டும்.

எந்த முறையானாலும் துளையில் உள்ள தூளை முழுவதும் வெளியேற்றுவது மிக முக்கியம். துளை போட்டதும் உள்ளே மாவு போல் தூள் நிறைந்திருக்கும். அப்படியே விட்டால் போல்ட்டு காங்கிரீட்டைப் பிடிப்பதற்குப் பதில் தூளைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் குழாயைத் துளைக்குள் விட்டு ஊதி, சிறு கம்பித் தூரிகையால் தேய்த்து, மறுபடியும் ஊத வேண்டும். இந்த இரண்டு நிமிட வேலையைச் சோம்பலால் விட்டுவிடுவதே பசை போட்ட கம்பிகள் பிடுங்கிக்கொண்டு வருவதற்குப் பெரிய காரணம்.

களம் தண்ணீர் வடிவதற்காகச் சற்றுச் சரிவாக இருக்கும். அதனால் தகடு படியும்போது தூண் சாய்ந்து நிற்கும். போல்ட்டை ஒரு பக்கம் அதிகமாக முறுக்கி நேராக்க முயலக் கூடாது. தகட்டின் தாழ்ந்த பக்கத்தில் மெல்லிய இரும்புத் துண்டுகளைக் கொடுத்து நேர் செய்து, பிறகு அடியில் உள்ள இடைவெளி முழுவதையும் கெட்டியான சிமெண்ட் சாந்தால் அடைக்க வேண்டும். நட்டை நன்றாக இறுகும் அளவுக்கு முறுக்கினால் போதும். நீளக் குழாயைச் சாவியில் மாட்டி முழு பலத்துடன் திருகினால் காங்கிரீட்டே பிளந்துவிடும்.

துளை போடும்போது தளம் ஈரமில்லாமல் இருக்க வேண்டும். இயந்திரத்தின் கம்பியில் ஒட்டுப் போட்ட இடம் இருக்கக் கூடாது. கண்ணுக்குக் கண்ணாடியும், மூக்குக்குத் தூசி தடுக்கும் முகமூடியும் அணிய வேண்டும். காங்கிரீட் தூள் நுரையீரலுக்குக் கேடு செய்யும்.

மூலையும் வாசலும் மண்ணுக்குள்தான்

கம்பி வேலியில் எல்லாத் தூண்களுக்கும் ஒரே வேலை இல்லை. நடுவில் உள்ள தூண்கள் வலையை நிமிர்த்திப் பிடிப்பவை. அவற்றின் இரு பக்கமும் கம்பி இழுப்பதால் இழுப்பு சரிக்குச் சரியாகிவிடுகிறது. மூலைத் தூண் அப்படி அல்ல. இரண்டு பக்கத்து வேலியும் சேர்ந்து அதை உட்பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். இரவு பகல் இந்த இழுப்பு ஓயாது. வாசல் தூணில் கதவின் பாரமும் சேர்ந்து தொங்கும்.

ஆகவே தளம் எவ்வளவு கனமாக இருந்தாலும் மூலைத் தூண்களையும் வாசல் தூண்களையும் போல்ட்டை நம்பி விடக் கூடாது. இந்த ஆறு தூண்களையும் மண்ணுக்குள் இறக்கிக் காங்கிரீட் போட்டுவிட வேண்டும். ஒவ்வொரு மூலைத் தூணுக்கும் வேலி செல்லும் இரு திசைகளிலும் சாய்வாக முட்டுக்கால் கொடுக்க வேண்டும். மூலைகள் பலமாக நின்றுவிட்டால் நடுத்தூண்களுக்கு வேலை குறைந்துவிடும். கனமான தளத்தில் நடுத்தூண்களை மட்டும் போல்ட்டில் நிறுத்தினால் செலவும் குறையும், பலமும் கெடாது.

தற்காலிக வேலிக்குக் கட்டைத் தூண்

தானியம் காயும் பத்து நாட்களுக்கு மட்டும் வேலி வேண்டும் என்றால் தளத்தைத் தொடவே தேவையில்லை. காங்கிரீட் கட்டையில் குழாயை நிறுத்தி வார்த்து, வேண்டியபோது வைத்து, வேண்டாதபோது உருட்டி எடுத்துவிடலாம். ஆனால் கட்டையின் அளவைக் கவனிக்க வேண்டும். எல்லாப் பக்கமும் ஓர் அடியுள்ள கட்டை சுமார் 68 கிலோ இருக்கும். பார்த்தால் பலமாகத் தெரியும். ஆனால் 4 அடி உயரத்தில் எட்டொன்பது கிலோ விசை கொடுத்தாலே கவிழ்ந்துவிடும். அதே ஓர் அடி உயரத்தில் நீளமும் அகலமும் 2 அடியாக வார்த்தால் எடை நான்கு மடங்குதான் கூடும். கவிழ்க்கத் தேவையான விசையோ எட்டு மடங்காகி 68 கிலோ வரை உயரும். உழவுக்கு ஆழம் என்பார்கள். இந்தக் கட்டைக்கு அகலம்தான் பலம்.

கோழியையும் ஆட்டையும் சில நாள் தடுக்க இது உதவும். மாட்டுக்கும் நிரந்தரப் பட்டிக்கும் இதை நம்பக் கூடாது. வெள்ளாடுகள் முன்னங்கால்களை வலையில் ஊன்றி எழும்பி நிற்கும் பழக்கமுள்ளவை. இரண்டு மூன்று ஆடுகள் ஒரே இடத்தில் ஊன்றினால் லேசான கட்டை சரிந்துவிடும்.

கல்காலும் மரக்காலும்

கல்காலுக்குத் தகடும் போல்ட்டும் பொருந்தா. அதைக் குழியில் இறக்கிக் காங்கிரீட் போடுவது ஒன்றே வழி. தளத்தின் மேல் கல்லை நிறுத்திச் சுற்றிலும் சாந்தைக் குவித்துப் பூசிவிட்டால் பார்வைக்கு உறுதியாகத் தெரியும். ஆனால் பழைய தளத்தோடு புதிய சாந்து சரியாக ஒட்டாது. ஒரு மாடு உரசினால் கல் அடியோடு சாயும். கல்லின் எடை காரணமாக விபத்தும் பெரிதாக இருக்கும்.

மரக்காலைக் காங்கிரீட்டோடு ஒட்டி நிறுத்தினால் அடிப்பகுதி ஈரத்தை உறிஞ்சி விரைவில் இற்றுப்போகும். இரும்புப் பட்டையில் செய்த தாங்கியில், தளத்திலிருந்து அரை அங்குலம் உயர்ந்திருக்கும்படி மரத்தைப் பொருத்தினால் ஆயுள் கூடும்.

துருவைத் தடுப்பது

இரும்புத் தூண் முதலில் கெடும் இடம் அதன் கால்தான். பட்டியில் சாணமும் மூத்திரமும் சேர்ந்து தூணின் அடியை அரிக்கும். துத்தநாகப் பூச்சுள்ள குழாய் வாங்குவது நல்லது. பற்றவைத்த இடத்தில் அந்தப் பூச்சு எரிந்துபோயிருக்கும் என்பதால், அங்கே துத்தநாக வண்ணம் பூச வேண்டும். சாதாரண இரும்பானால் இரண்டு முறை ரெட் ஆக்சைடும் அதன் மேல் வண்ணமும் பூச வேண்டும். குழாயின் மேல்வாயை மூடிவிட வேண்டும். திறந்திருந்தால் மழைநீர் உள்ளே இறங்கி, வெளியே தெரியாமல் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். களத்தில் தண்ணீர் வடியும் வாய்க்கு நேராகத் தூணை வைக்கக் கூடாது.

கிணற்றுச் சுவரில் வேண்டாம்

கிணற்றைச் சுற்றி வலை கட்ட விரும்புவோர் கைப்பிடிச் சுவரின் மேலேயே தூணைப் போல்ட்டால் பொருத்துவது உண்டு. இது ஆபத்தானது. அந்தச் சுவர் பெரும்பாலும் செங்கல்லோ கல்கட்டோதான். மேலே ஓர் அங்குலம் சிமெண்ட் பூசியிருப்பதைப் பார்த்துக் காங்கிரீட் என்று எண்ணிவிடக் கூடாது. போல்ட்டு விரியும்போது செங்கல் பிளக்கும். பிள்ளை ஒன்று வலையைப் பிடித்து ஏறினால் தூணும் செங்கல்லும் பிள்ளையும் சேர்ந்து கிணற்றுக்குள் போகும். சுவருக்கு வெளியே தள்ளி, உறுதியான மண்ணில் தூண்களை நட்டு வலை கட்டுவதே பாதுகாப்பு.

அவசரம் கூடாது

காங்கிரீட் போட்ட மறுநாளே வலையை இழுத்துக் கட்டுவது பலர் செய்யும் தவறு. ஏழு நாளில் காங்கிரீட் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பலம்தான் பெறுகிறது. முழு பலத்துக்கு 28 நாள் கணக்கு. குறைந்தது 10 நாள் சாக்கு சுற்றி ஈரம் காயாமல் தண்ணீர் விட வேண்டும். மூன்று வாரமாவது கழித்து வலையை இழுப்பது நல்லது. அதுவரை ஆடுகளைப் பட்டியில் விடாமல் கட்டிவைத்துச் சமாளித்துக்கொள்ள வேண்டும்.

அறுபது துளையா, மூன்று குழியா?

நமது விவசாயியின் களத்துக்கு மூன்று பக்கம் சொந்த மண் இருந்தது. கிழக்கே மட்டும் பக்கத்து நிலத்தின் எல்லை களத்தை ஒட்டி இருந்தது. ஆகவே மூன்று பக்கமும் விளிம்புக்கு வெளியே ஓர் அடி தள்ளியும், கிழக்கே மட்டும் ஓர் அடி உள்ளே தள்ளியும் நூல் பிடித்தால் வேலியின் சுற்றளவு 144 அடி வருகிறது. ஏறத்தாழ 10 அடிக்கு ஒரு தூண் என்றால், வாசலுக்குக் கூடுதலாக ஒன்று சேர்த்து 15 தூண்கள். இதில் கிழக்குப் பக்கத்து நடுத்தூண்கள் மூன்று மட்டுமே களத்தின் மேல் வருகின்றன. நான்கு மூலையும் வாசலும் மண்ணிலேயே அமைந்துவிடுகின்றன.

முதலில் நினைத்தபடி எல்லாத் தூணையும் போல்ட்டில் நிறுத்தியிருந்தால் 3 அங்குலக் களத்தில் 60 துளைகள் விழுந்திருக்கும். அதில் பாதி, மூலை இழுப்பிலும் ஆட்டின் தள்ளலிலும் பெயர்ந்திருக்கும். இப்போது களத்தில் விழுவது மூன்றே குழி. அடித்தகடும் போல்ட்டும் வாங்கும் செலவு மிச்சம். அந்தப் பணம், மூலை, வாசல், களத்துக் குழி ஆகிய ஒன்பது தூண்களுக்கும் முட்டுக்கால்களுக்கும் வேண்டிய ஐந்தாறு மூட்டைச் சிமெண்டுக்கு உதவும். மண்ணில் நிற்கும் மற்ற நடுத்தூண்களுக்குக் கல்லும் சரளையும் போட்டு இடித்தாலே போதும்.

வேலி கட்டி முடித்த பிறகும் கவனிப்புத் தேவை. ஒரு மாதம் கழித்தும், முதல் மழைக்குப் பிறகும் ஒவ்வொரு தூணையும் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். போல்ட்டுப் போட்ட இடங்களில் தளர்ந்த நட்டை இறுக்க வேண்டும். இறுக்கியும் போல்ட்டு சுற்றிக்கொண்டே இருந்தால் அது பிடிப்பை விட்டுவிட்டது என்று பொருள். அதே துளையில் வேறொரு போல்ட்டைத் திணிக்காமல் தூணைச் சற்றுத் தள்ளிப் புதிய இடத்தில் பொருத்த வேண்டும்.

சிறு விவசாயிக்குக் களம் ஒரு முறை போடும் சொத்து. ஆடு அவசரத்துக்குக் கைகொடுக்கும் சேமிப்பு. ஒன்றைக் காக்கப் போய் மற்றொன்றை இழக்காமல் இருக்க, கடைக்குப் போய்ப் போல்ட்டு வாங்குமுன் களத்தில் ஒரு துளை போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.